பிடுங்கி நட்ட பயிர்: டெல்ஃபையிலிருந்து லாசரஸ் வரை



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பி டம்ளரோடு உட்கார்ந்து படியுங்கள். கணினி தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் எழுதியிருக்கிறேன். 1998-ஆம் ஆண்டு பத்தாம் வகுப்பில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள் மட்டும் கடைசி வரை கட்டாயம் படிக்க வேண்டும். உங்களில் ஒருவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

சென்ற மாதம் என் தங்கையின் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். என் பழைய லேப்டாப்பைத் திறந்து பார்த்துவிட்டு, "தாத்தா, இதுல இனிமே புது விண்டோஸ் ஏறாது. லினக்ஸ் போட்டுத் தரட்டா?" என்றான். "போடு, ஆனா என் மார்க் புரோகிராம் ஓடணும்" என்றேன். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் புரோகிராம் அவனைவிட வயதில் மூத்தது.

பழையவர்களுக்கு நினைவிருக்கும். பருவத் தேர்வு முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்த ரேங்க் பட்டியல் ஒட்டுவேன் அல்லவா? அதை அச்சடித்தது நான் எழுதிய புரோகிராம். மாலை நேரத்தில் ஒரு கணினிப் பயிற்சி மையத்துக்குப் போய் டெல்ஃபை கற்றுக்கொண்டு, இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவழித்து எழுதியது. விண்டோஸ் 95-க்காக எழுதியதை லினக்ஸில் ஓட வைக்க முடியுமா என்று தேடப் போனேன். தேடிய இடத்தில் ஒரு பெரிய கதை கிடைத்தது. அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

கதை சுவிட்சர்லாந்தில் தொடங்குகிறது. சூரிச் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த நிக்லாவுஸ் விர்த், 1970-இல் பாஸ்கல் என்ற கணினி மொழியை வெளியிட்டார். பிரெஞ்சுக் கணித மேதை பிளேஸ் பாஸ்கலின் பெயர். பதினொன்றாம் வகுப்பில் ஈருறுப்புத் தேற்றம் நடத்தும்போது பாஸ்கல் முக்கோணம் போட்டேனே, அவரேதான். மாணவர்களுக்கு நல்ல முறையில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பதுதான் விர்த்தின் நோக்கம். ஓர் ஆசிரியர் வகுப்பறைக்காக உருவாக்கிய மொழி என்பதாலேயே எனக்கு அதன்மேல் ஒரு தனிப் பிரியம். விர்த் 2024 ஜனவரி 1 அன்று மறைந்தார்.

வகுப்பறையில் இருந்த மொழியைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்தது அமெரிக்காவின் போர்லாண்ட் நிறுவனம். 1983-இல் டர்போ பாஸ்கல் வெளிவந்தது. அதன் மூலத்தை எழுதியவர் ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற டென்மார்க்கு இளைஞர். மற்ற கம்பைலர்கள் நூற்றுக்கணக்கான டாலர் விற்ற காலத்தில் இது 49.95 டாலர். கம்பைலர் என்றால், நாம் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றித் தரும் கருவி. டர்போ பாஸ்கல் அதை மின்னல் வேகத்தில் செய்தது. உலகம் முழுவதும் மாணவர்கள் அதில்தான் கைப்பழகினார்கள்.

பிறகு விண்டோஸ் வந்தது. கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும் போய், பட்டன், பெட்டி, பட்டியல், மெனு எல்லாம் வந்தன. ஒரு பட்டனைத் திரையில் காட்டவே பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருந்தது. இந்தச் சிரமத்தைத் தீர்க்க 1995 பிப்ரவரி 14 அன்று போர்லாண்ட் வெளியிட்டதுதான் டெல்ஃபை. வடிவமைப்பில் தலைமை வகித்தவர் அதே ஹெய்ல்ஸ்பெர்க்.

டெல்ஃபையின் உயிர்நாடி வி.சி.எல். எனப்படும் காம்போனென்ட் லைப்ரரி. அது என்ன? வீடு கட்டும்போது கதவையும் ஜன்னலையும் நாமே இழைப்பதில்லை. கடையில் செய்து வைத்திருப்பதை வாங்கி வந்து பொருத்துகிறோம். அதுபோல, பட்டன், எழுதும் பெட்டி, கட்டம் போட்ட அட்டவணை எல்லாம் செய்து அடுக்கி வைத்த கிடங்கு அது. மவுஸால் எடுத்துப் படிவத்தில் வைக்க வேண்டியதுதான். அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை மட்டும் நாம் எழுதினால் போதும். என்னைப் போன்ற கணக்கு வாத்தியார்கூட ஒரு புரோகிராம் செய்ய முடிந்தது அதனால்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். வி.சி.எல். பட்டனைத் தானே வரைவதில்லை. "ஒரு பட்டன் கொடு" என்று விண்டோஸிடம் கேட்கிறது. விண்டோஸ் ஒன்றை உருவாக்கி, அதற்கு ஓர் அடையாள எண் தருகிறது. யாராவது பட்டனை அழுத்தினால் "அழுத்தியாயிற்று" என்று அந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புகிறது. வி.சி.எல். அதை வாங்கி, அழகான பாஸ்கல் வடிவத்தில் நம்மிடம் தருகிறது. ஆகவே கதவும் ஜன்னலும் கடையில் வாங்கியவைதாம் என்றாலும், அவை விண்டோஸ் என்ற ஒரே சுவரின் அளவுக்குச் செய்தவை. வேறு சுவரில் மாட்டினால் பொருந்தாது.

1990-களின் கடைசியில் லினக்ஸ் வளர ஆரம்பித்தபோது இந்தப் பிரச்சினை பெரிதாக எழுந்தது. டெல்ஃபையில் எழுதிய பல்லாயிரம் புரோகிராம்களை லினக்ஸுக்கும் ஆப்பிள் மேக்குக்கும் எப்படிக் கொண்டு போவது?

நாற்றங்காலில் இருந்து நாற்றைப் பிடுங்கி வயலில் நடுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் அறுந்தால் பயிர் பிழைக்காது. மண்ணோடு அப்படியே பெயர்த்தால் வேலை நடக்காது. மென்பொருளை இடம் மாற்றுவதிலும் இதே கதைதான். அன்றைக்கு மூன்று வழிகள் இருந்தன.

முதல் வழி, எல்லாவற்றையும் நாமே வரைந்துகொள்வது. விண்டோஸ் பட்டனும் வேண்டாம், மேக் பட்டனும் வேண்டாம். கோடு போட்டு, நிறம் தீட்டி, நம் பட்டனை நாமே செய்துகொள்வது. 1998-இல் ஜாவாவோடு வந்த ஸ்விங் அப்படிப்பட்டது. எங்கே போனாலும் ஒரே முகம் தெரியும். ஆனால் எந்த ஊரிலும் வெளியூர்க்காரர் போலவே இருக்கும்.

இரண்டாவது வழி, அந்தந்த ஊர்ச் சாமானையே பயன்படுத்துவது. விண்டோஸில் விண்டோஸ் பட்டன், மேக்கில் மேக் பட்டன். மேலே நாம் எழுதும் நிரல் ஒன்றே. கீழே ஊருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர். எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஜூலியன் ஸ்மார்ட் 1992-இல் தொடங்கிய வேலை, இன்று டபிள்யூ.எக்ஸ். விட்ஜெட்ஸ் என்ற பெயரில் இருப்பது, இந்த வழி. பார்க்க நன்றாக இருக்கும். செய்பவருக்கு உயிர் போகும்.

மூன்றாவது வழி, லினக்ஸுக்குள் ஒரு போலி விண்டோஸை உருவாக்கி, பழைய புரோகிராமைத் தான் இன்னும் விண்டோஸில் இருப்பதாக நம்ப வைப்பது. 1993-இல் தொடங்கிய வைன் திட்டம் அது. தொட்டியில் வைத்த செடியைத் தொட்டியோடு தூக்கிப் போவது போல.

போர்லாண்ட் தானே களத்தில் இறங்கியது. 2001-இல் கைலிக்ஸ் என்ற பெயரில் லினக்ஸுக்கான டெல்ஃபையை வெளியிட்டது. கைலிக்ஸ் என்பது பண்டைக் கிரேக்கர்கள் மது அருந்திய கிண்ணம். அதற்காக சி.எல்.எக்ஸ். என்ற புதிய காம்போனென்ட் லைப்ரரியைச் செய்தார்கள். அடித்தளமாக எடுத்துக்கொண்டது நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூட். அது ஏற்கெனவே விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடிக்கொண்டிருந்த நல்ல கிடங்கு. ஆனால் எழுதப்பட்டது சி++ மொழியில். பாஸ்கலால் சி++ பொருள்களை நேரடியாகக் கூப்பிட முடியாது. எனவே நடுவில் இன்னொரு அடுக்கு வைக்க வேண்டியிருந்தது. நம் நிரல் சி.எல்.எக்ஸிடம் சொல்லும், அது நடு அடுக்கிடம் சொல்லும், அது க்யூட்டிடம் சொல்லும், அது லினக்ஸிடம் சொல்லும். கல்யாண வீட்டில் மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு சேதி சொல்ல நாலு பேரை அனுப்புவது போல.

இன்னொரு வேடிக்கை. கைலிக்ஸில் நாம் எழுதும் புரோகிராம் சுத்தமான லினக்ஸ் புரோகிராம். ஆனால் அதை எழுதப் பயன்படுத்தும் கைலிக்ஸ் என்ற அந்தப் பணிமேசையே வைன் நூலகத்தின் உதவியோடு ஓடிய விண்டோஸ் சரக்கு. மற்றவர்களை இடம் மாற்ற வந்தவர் தன் வீட்டை முழுதாக இடம் மாற்றவில்லை. அதனால் அது மெதுவாக ஓடியது, அடிக்கடி முரண்டு பிடித்தது.

டெல்ஃபையில் எழுதியதைக் கைலிக்ஸுக்குக் கொண்டு போவதும் சுலபமாக இல்லை. யூனிட்டுகளின் பெயர்கள் மாறின. 'ஃபார்ம்ஸ்' என்று இருந்தது 'க்யூஃபார்ம்ஸ்' ஆனது. படிவக் கோப்பின் வடிவம் மாறியது. விண்டோஸுக்கு நேரடியாகச் செய்தி அனுப்பும் வரிகள் எல்லாம் செல்லாமல் போயின. கடைகளில் வாங்கிய பிறர் காம்போனென்ட்கள் பலவும் மூல நிரல் இல்லாமல் வந்தவை. அவற்றைத் தொடவே முடியாது. 2002-இல் கைலிக்ஸ் 3 வந்தது. அதன்பிறகு புதிய பதிப்பே வரவில்லை. சி.எல்.எக்ஸும் மெல்லக் கைவிடப்பட்டது. அதை நம்பித் தம் நிரல்களை மாற்றி எழுதியவர்கள் ஆற்றின் நடுவில் நின்றார்கள். திரும்பவும் முடியாது, கரையேறவும் முடியாது.

ஹெய்ல்ஸ்பெர்க் இதற்கெல்லாம் முன்பே, 1996-இல் மைக்ரோசாஃப்டுக்குப் போய்விட்டார். பின்னாளில் அங்கே சி ஷார்ப் மொழியை வடிவமைத்தார். தம் ஆட்களை இழுத்துக்கொண்டதாக போர்லாண்ட் 1997-இல் மைக்ரோசாஃப்ட்மீது வழக்கே போட்டது, பிறகு சமரசமானது.

இனிதான் எனக்குப் பிடித்த பகுதி.

போர்லாண்டின் கதைக்கு இணையாக, சத்தமில்லாமல் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1993-இல் ஜெர்மனியில் ஃப்ளோரியன் க்ளெம்ப்ஃபல் என்ற மாணவர் சொந்தமாக ஒரு பாஸ்கல் கம்பைலர் எழுதத் தொடங்கினார். டாஸ் இயங்குதளத்துக்கான பாஸ்கலை போர்லாண்ட் இனி வளர்க்கப் போவதில்லை என்ற நிலைமை. 'அவர்கள் செய்யாவிட்டால் நான் செய்கிறேன்' என்று தொடங்கிய வேலை. முதலில் டர்போ பாஸ்கலிலேயே எழுதினார். பிறகு அந்தக் கம்பைலர் தன்னைத் தானே மொழிபெயர்த்துக்கொள்ளும் அளவுக்கு வளர்ந்தது. ஃப்ரீ பாஸ்கல் என்று பெயர். 1.0 என்ற எண்ணை 2000-இல் எட்டியது.

கம்பைலர் கிடைத்தது. பட்டனும் பெட்டியும் யார் தருவது? மெகிடோ என்று ஒரு குழு டெல்ஃபை போன்ற ஒன்றைச் செய்ய முயன்று பாதியில் நின்றுபோனது. 1999 பிப்ரவரியில் கிளிஃப் பேஸ்மன், ஷேன் மில்லர், மைக்கேல் ஹெஸ் என்ற மூவர் புதிதாக ஆரம்பித்தார்கள். பைபிளில், இறந்து நான்கு நாளான பிறகு உயிர்பெற்று எழுந்தவர் லாசரு. செத்துப்போன திட்டத்திலிருந்து எழுந்ததால் அதற்கு லாசரஸ் என்று பெயர் வைத்தார்கள். பின்னாளில் மத்தியாஸ் கேர்ட்னர், மார்க் வியூஸ்டிங்க் போன்றோர் தோள் கொடுத்தார்கள். சம்பளம் கொடுத்து வேலை வாங்கும் முதலாளி யாரும் இல்லை. இரவிலும் விடுமுறையிலும் உட்கார்ந்து செய்தவர்கள்.

அவர்கள் செய்த லைப்ரரிக்கு எல்.சி.எல். என்று பெயர். அவர்கள் எடுத்த முடிவு இது: டெல்ஃபையில் பட்டனுக்கு என்ன பெயரோ, இங்கும் அதே பெயர். அழுத்தும் நிகழ்வுக்கு என்ன பெயரோ, அதே பெயர். வெளியே பார்ப்பவருக்கு எல்லாம் பழையபடி. ஆனால் உள்ளே ஒரு வரிகூட போர்லாண்டிடமிருந்து எடுக்கக் கூடாது. அது காப்புரிமை உள்ள சொத்து. கணக்கின் விடையைப் பார்க்கலாம், வழிமுறையை நீயே போடு என்பது போல. தேர்வறையில் நான் சொல்வதும் அதுதானே!

கீழே, ஊருக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வைத்தார்கள். விண்டோஸுக்கு ஒன்று, லினக்ஸின் ஜி.டி.கே. கிடங்குக்கு ஒன்று, க்யூட்டுக்கு ஒன்று, மேக்குக்கு ஒன்று. நான் மேலே சொன்ன இரண்டாவது வழி, செய்பவருக்கு உயிர் போகும் வழி.

என்னென்ன தொல்லைகள் என்று ஒரு பட்டியல் போடுகிறேன்.

விண்டோஸ் செய்தி அனுப்பும், ஜி.டி.கே. 'சிக்னல்' தரும். இரண்டும் ஒன்றல்ல. எல்.சி.எல். சிக்னலை வாங்கி விண்டோஸ் செய்தியைப் போலவே மாற்றித் தன் மேலடுக்குக்குத் தருகிறது. விண்டோஸில் மட்டுமே இருக்கும் பல கட்டளைகளுக்கு, அதே பெயரில், எல்லா ஊரிலும் வேலை செய்யும் மாற்றுகளை எழுதி ஒரு யூனிட்டில் வைத்திருக்கிறார்கள். நம் நிரலின் தலைப்பில் 'விண்டோஸ்' என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த யூனிட்டின் பெயரைப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

எழுத்தின் அளவு ஊருக்கு ஊர் மாறும். விண்டோஸில் அளவெடுத்து வைத்த பட்டனில் லினக்ஸ் எழுத்து பிதுங்கும். அதனால் 'இங்கே இத்தனை புள்ளி அகலம்' என்று சொல்லாமல், 'இதன் வலப்பக்கம் அதைத் தொட்டு நில்' என்று சொல்லும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

'சரி', 'ரத்து' பட்டன்களின் வரிசையே மாறும். விண்டோஸில் 'சரி' முதலில், 'ரத்து' பிறகு. மேக்கில் 'சரி' வலது கோடியில். பழகிய கை பழகிய இடத்துக்குத்தான் போகும். இதற்கென்றே ஒரு காம்போனென்ட் செய்து, அந்தந்த ஊர் வழக்கப்படி அதுவே வரிசையை மாற்றிக்கொள்ளும்படி வைத்தார்கள்.

இதற்கு மேல், காலடி நிலமே நகர்ந்துகொண்டிருந்தது. லினக்ஸ் பக்கம் ஜி.டி.கே. 2002-இல் இரண்டாம் பதிப்பு, 2011-இல் மூன்றாம் பதிப்பு, 2020-இல் நான்காம் பதிப்பு என்று மாறியது. ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பாளரைப் புதிதாக எழுத வேண்டும். மேக்கில் கார்பன் என்ற அடித்தளத்தின்மேல் உழைத்து ஓர் அடுக்கு கட்டினார்கள். கார்பனின் திரைப் பகுதிக்கு 64 பிட் வடிவம் வராது என்று 2007-இல் ஆப்பிள் சொல்லிவிட்டது. 2019-இல் 32 பிட் புரோகிராம்களையே நிறுத்தியது. கோக்கோ என்ற வேறு அடித்தளத்தின்மேல் மறுபடி கட்ட வேண்டியதாயிற்று.

லாசரஸ் 1.0 எப்போது வந்தது தெரியுமா? 2012 ஆகஸ்டில். தொடங்கிப் பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. 3.0 பதிப்பு 2023 டிசம்பரில். இடையில் போர்லாண்ட் தன் நிரல் கருவிகளை எம்பார்கடேரோ நிறுவனத்துக்கு 2008-இல் விற்றுவிட்டது. அவர்கள் 2011-இல் ஃபயர்மங்கி என்ற புதிய லைப்ரரியைக் கொண்டுவந்து, முதல் வழியான 'நாமே வரைந்துகொள்வது' பக்கம் போனார்கள். ரஷ்யாவைச் சேர்ந்த ஒருவர் செய்து வைத்திருந்ததை வாங்கி வளர்த்ததுதான் அது. அதுவும் இன்று நன்றாகவே இருக்கிறது. எந்த வழியும் தவறில்லை. ஒவ்வொன்றும் ஒரு விலை கேட்கிறது.

சரி, என் புரோகிராமுக்கு வருவோம்.

பெட்டியடியில் கிடந்த சி.டி.யைத் தேடி எடுத்தேன். பேரன் லாசரஸை நிறுவிக் கொடுத்தான். அதன் மெனுவிலேயே டெல்ஃபைத் திட்டத்தை மாற்றும் வசதி இருக்கிறது. அழுத்தினேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பார்க்காத என் படிவம் திரையில் வந்து நின்றது. பட்டன்கள் அப்படியே இருந்தன. எழுத்துகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தன.

பிறகு ஒவ்வொன்றாக முள் குத்தியது.

முதலாவது, 'சி கோலன் மார்க்ஸ்' என்று விண்டோஸ் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். லினக்ஸில் சி டிரைவே கிடையாது. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அங்கே வேறு வேறு. கோப்பின் பெயரை ஓரிடத்தில் பெரிய எழுத்திலும் இன்னோரிடத்தில் சிறிய எழுத்திலும் எழுதியிருந்தேன். விண்டோஸ் என் அலட்சியத்தை மன்னித்தது. லினக்ஸ் மன்னிக்கவில்லை.

இரண்டாவது, சராசரி மதிப்பெண்கள். கோப்பைத் திறந்தால் சராசரி எல்லாம் கன்னாபின்னா எண்கள். தலையைப் பிய்த்துக்கொண்டேன். பிறகுதான் புரிந்தது. அந்தக் கால டெல்ஃபையில் 'ரியல்' என்ற தசம எண் 6 பைட் இடம் எடுக்கும். இன்று அதே பெயருக்கு 8 பைட். பெயர் ஒன்று, அளவு வேறு. ஆறு படி மரக்காலால் அளந்த நெல்லை எட்டுப் படி மரக்காலால் திருப்பி அளந்தால் கணக்கு எப்படி வரும்? பழைய 6 பைட் எண்ணை மாற்றித் தரும் ஒரு சார்பை ஃப்ரீ பாஸ்கல்காரர்கள் எனக்காகவே எழுதி வைத்தது போல வைத்திருந்தார்கள்.

மூன்றாவது, உங்கள் பெயர்கள். 1998-இல் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் ஒவ்வொரு முறையில் எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. சென்னையில் 1999 பிப்ரவரியில் நடந்த தமிழ் இணைய மாநாட்டுக்குப் பிறகுதான் டாம், டாப் என்ற தரங்களை அரசு ஏற்றது. என் எழுத்துரு அதற்கும் முந்தியது. யூனிகோடில் 'கே' என்று எழுதினால் முதலில் க, பிறகு இரட்டைக் கொம்பு என்று சேமிக்கப்படும். பழைய முறையில் கண்ணுக்குத் தெரியும் வரிசையில், கொம்பு முதலில், க பிறகு. ஆகவே எழுத்தை மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். ஓர் அட்டவணை போட்டு, ஒன்பது நாள் உட்கார்ந்து சரிசெய்தேன். ஒவ்வொரு பெயராகத் திரையில் தெளிந்து வந்தபோது வருகைப் பதிவேடு வாசிப்பது போலவே இருந்தது. ஒருவர் இப்போது நம்மிடையே இல்லை. அந்தப் பெயர் வந்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நான்காவதுதான் மன்னிப்புக் கேட்க வைத்தது.

எல்லாம் சரியானதும், 1998 அரையாண்டுத் தேர்வுப் பட்டியலை எடுத்தேன். அன்று அச்சடித்த தாள் என் டைரிக்குள் பத்திரமாக இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். எல்லாம் ஒத்துப்போனது, முதல் இரண்டு பெயர்களைத் தவிர. தாளில் முதலிடத்தில் இருப்பவர் திரையில் இரண்டாமிடம். தாளில் இரண்டாமிடம் திரையில் முதலிடம்.

மாற்றும்போது ஏதோ கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டு நாள் தேடினேன். தவறு மாற்றத்தில் இல்லை. அந்த இரண்டு மாணவிகளின் மொத்த மதிப்பெண்ணும் ஒன்றே. இருவரும் சமம்.

வரிசைப்படுத்த நான் பயன்படுத்தியது டெல்ஃபை கிடங்கிலிருந்த ஆயத்தக் கட்டளை. அதன் உள்ளே இருப்பது டோனி ஹோர் உருவாக்கிய குவிக்சார்ட் என்ற முறை. அது வேகமானது. ஆனால் சம மதிப்புள்ள இரண்டில் எது முன்னால் வரும் என்பதற்கு அது பொறுப்பேற்காது. டெல்ஃபையில் ஒருவிதமாக வந்தது, ஃப்ரீ பாஸ்கலில் வேறுவிதமாக வந்தது. இரண்டு லைப்ரரிகள்மேலும் குற்றமில்லை. சம மதிப்பெண் என்றால் இருவருக்கும் முதலிடம் கொடு என்று நிரலில் ஒரு வரி எழுதியிருக்க வேண்டியது நான். எழுதவில்லை. வரிசையில் முதலில் வந்தவருக்கு 1, அடுத்தவருக்கு 2 என்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். கணக்கு வாத்தியார் செய்யக்கூடாத பிழை.

அந்த மாணவி அன்று என்னிடம் வந்து, "சார், எனக்கும் அதே மார்க்குதானே?" என்று கேட்டது எனக்கு நினைவிருக்கிறது. "கம்ப்யூட்டர் போட்டது தப்பாக இருக்காதம்மா" என்று நான் சொன்னதும் நினைவிருக்கிறது. மொத்தத்தைத் திரும்பக் கூட்டிப் பார்க்கக்கூட நான் மெனக்கெடவில்லை.

பெயர் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும் அம்மா. நீ அன்று முதலிடம்தான். இருபது ஆண்டுகளுக்கு மேல் தாமதமாகச் சொல்கிறேன். என்னை மன்னித்துவிடு.

இந்தப் பிழை விண்டோஸிலேயே இருந்திருந்தால் என் கண்ணில் பட்டிருக்காது. ஒரே ஊரில் இருக்கும்வரை நம் பழக்கத்தையே விதி என்று நினைத்துக்கொள்கிறோம். வேறு ஊருக்குப் போனால்தான் எது விதி, எது வெறும் பழக்கம் என்று தெரிகிறது. லாசரஸ் செய்தவர்களுக்கும் இதே அனுபவம்தான். விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறது என்று நினைத்த நிரல் லினக்ஸில் விழும்போது, பல சமயம் பிழை இரண்டு பக்கமும் இருந்தது. ஒரு பக்கம் மட்டும் மறைந்திருந்தது. அவர்கள் ஒவ்வொன்றாகக் கண்டு திருத்தினார்கள். அந்தப் பொறுமையின் பலன் எங்கோ ஒரு ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு வந்து சேர்ந்தது.

நிறுவனம் தொடங்கிய கைலிக்ஸ் அடுத்த ஆண்டே நின்றுபோனது. கையில் காசில்லாமல் சிலர் தொடங்கியது இன்னும் ஓடுகிறது. இதிலிருந்து நிறுவனங்கள் எல்லாம் கெட்டவை என்று சொல்ல வரவில்லை. போர்லாண்ட் இல்லாமல் டெல்ஃபையே இல்லை. மூல நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால், ஒருவர் களைத்து விலகும்போது இன்னொருவர் எடுத்து நடத்த முடிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம். ஐ.டி. துறையில் இருக்கும் என் மாணவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்? நான் எங்காவது தப்பாகச் சொல்லியிருந்தால் தயங்காமல் திருத்துங்கள். உங்கள் விடைத்தாளில் நான் எத்தனை சிவப்பு மை போட்டிருக்கிறேன்!

1998 பத்தாம் வகுப்புப் பட்டியல் இப்போது யூனிகோடில் பத்திரமாக இருக்கிறது. வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், உங்கள் மதிப்பெண்ணை மட்டும் அனுப்பி வைக்கிறேன். கணக்கில் எவ்வளவு வாங்கினீர்கள் என்று உங்கள் பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருப்பதோடு அது ஒத்துப்போகாவிட்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடனும் ஆசியுடனும்,
உங்கள் கணக்கு சார்